தசையும் மாம்சமும்: ஒன்றெனக் கொள்வதால் நேரும் பிழைகள்

ஆயுர்வேத நூலில் ‘மாம்சம்’ என்ற சொல்லைக் கண்டதும், பள்ளியில் படித்த ‘தசை’யை அந்த இடத்தில் வைத்துப் படிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். படிக்கிற வேகத்தில் அது இயல்பாகவே தோன்றும். ஆனால் தசைவலி, உடற்பயிற்சி, எண்ணெய் தேய்த்தல், முதுமையில் உடல் மெலிதல் ஆகியவற்றைப் பற்றி இரண்டு மருத்துவ மரபுகளின் பெயராலும் பரவியிருக்கும் தவறான கருத்துகள் பலவற்றைப் பின்தொடர்ந்து போனால், அவை இந்த ஒரு சொல்மாற்றத்தில்தான் தொடங்குகின்றன என்பது தெரியும். ஆகவே முதற்பிழையாகிய இதைச் சற்று விரிவாகவே பார்த்துவிடுவது நல்லது.

நவீன உடலியங்கியல் சுருங்கும் தொழிலை அடையாளமாகக் கொண்ட திசுவைத் தசை என்கிறது. எலும்போடு இணைந்து நம் விருப்பப்படி இயங்கும் எலும்புத் தசை, குடல், இரத்தக்குழாய், சிறுநீர்ப்பை போன்றவற்றின் சுவரில் இருந்து தானே இயங்கும் மென்தசை, இதயத்தில் மட்டும் காணப்படும் இதயத்தசை என அதில் மூன்று வகைகள் உண்டு. வரியுள்ள தசையெல்லாம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது என்று மாணவர்கள் எழுதுவதுண்டு. இதயத்தசையிலும் வரிகள் உண்டு, ஆனால் நம் விருப்பத்தைக் கேட்டு அது துடிப்பதில்லை.

ஆயுர்வேதம் உடலை வேறொரு கோட்டில் பிரிக்கிறது. ரசம், ரக்தம், மாம்சம், மேதஸ் (கொழுப்பு), அஸ்தி, மஜ்ஜை, சுக்கிலம் என்னும் ஏழு தாதுக்களுள், அதாவது உடலைத் தாங்கும் கூறுகளுள், மாம்சம் மூன்றாவது. அதன் தலையாய தொழிலாக அஷ்டாங்க ஹிருதயம் என்னும் ஆயுர்வேத நூல் குறிப்பிடுவது ‘லேபம்’, அதாவது பூசி மூடுதல். செங்கற்சுவரின்மேல் பூச்சு பூசுவது போல எலும்புக்கூட்டை மூடி, உடலுக்கு உருவமும் திடமும் தருவது மாம்சம். நடத்தல், மடக்குதல், நீட்டுதல், இமைத்தல் ஆகிய அசைவுகளை நூல்கள் வாதத்துக்கு, அதிலும் சிறப்பாக வியான வாயுவுக்கு, உரியவையாகச் சொல்கின்றன. எனவே நவீன உடலியங்கியல் எதைத் தசையின் உயிர்நாடியாகக் கருதுகிறதோ, அதை ஆயுர்வேதம் மாம்சத்தின் முதன்மைத் தொழிலாக வைக்கவே இல்லை.

இதை இரண்டு இடங்களில் தெளிவாகக் காணலாம். இன்றைய பார்வையில் இதயம் பெரும்பாலும் தசையால் ஆன உறுப்பு. சுசுருத சம்ஹிதையோ அது இரத்தம், கபம் ஆகியவற்றின் தெளிந்த சாரத்திலிருந்து உருவாகிறது என்கிறது. அதே நூல் ஸ்நாயுக்களை, அதாவது பிணைக்கும் நார்களை, நான்காக வகுக்கும்போது, துளையுடைய ஸ்நாயுக்கள் இரைப்பை, குடல் ஆகியவற்றின் முனைகளிலும் சிறுநீர்ப்பையிலும் இருப்பதாகச் சொல்கிறது. இன்று நாம் சுருக்குத் தசைகளைக் காணும் இடங்கள் இவை. அங்கே ‘தசை’யைத் தேடுகிறவர் மாம்சம் என்ற தலைப்பின் கீழ் மட்டும் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

நம் பேச்சுத் தமிழும் இந்தக் குழப்பத்துக்குத் தன் பங்கைச் சேர்க்கிறது. “ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை” என்னும்போது நரம்பு என்பது சிரை. “கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டது” என்னும்போது அது தசை இறுக்கம். “நரம்புத் தளர்ச்சி” என்னும்போது அது உண்மையான நரம்பைக் குறிக்க வந்த சொல். அதேபோல “சதை போட்டுவிட்டது” என்பதில் வரும் சதை பெரும்பாலும் கொழுப்பு. “கெண்டைக்கால் சதை” என்பதில் வருவதோ தசை. மாம்சத்தையும் மேதஸையும் ஆயுர்வேதம் தனித்தனித் தாதுக்களாகப் பிரித்து வைத்திருக்க, நாம் இரண்டையும் சதை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, பிறகு நூல் தெளிவில்லாமல் இருப்பதாகக் குறை சொல்கிறோம். மருத்துவரிடம் போகும்போதும் “நரம்பு இழுக்கிறது” என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில், எந்த அசைவில், மரத்துப்போகிறதா, வலிக்கிறதா என்று பிரித்துச் சொல்வது நோயைக் கண்டறியப் பெரிதும் உதவும்.

உங்கள் கையையே சற்று உற்றுப் பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைத்து, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டு மணிக்கட்டை இலேசாக மடக்கினால், பெரும்பாலோருக்கு மணிக்கட்டின் நடுவில் ஒரு கயிறு போல ஒன்று எழும்பி நிற்கும். பலர் இதை நரம்பு என்பார்கள். அது தசைநாண், அதைத் தொட்டபடியே முழங்கையை நோக்கி விரலை நகர்த்தினால், உறுதியான அந்தக் கயிறு மெத்தென்ற தசையாக மாறும் இடத்தை உணரலாம். விரல்களை மடக்கும் பெரிய தசைகளும் முன்கையில்தான் இருக்கின்றன. விரல்களுக்குள்ளே நீண்டு செல்பவை அவற்றின் நாண்கள். சுசுருதர் இத்தகைய பருத்த கயிறு போன்றவற்றைக் கண்டரை என்று தனியே பெயரிட்டு, கைகளில் நான்கு, கால்களில் நான்கு, கழுத்தில் நான்கு, முதுகில் நான்கு எனப் பதினாறாக எண்ணினார். மூட்டுகளைப் பிணைக்கும் ஸ்நாயுக்களுக்கு அவர் தரும் உவமை, படித்த நாளிலிருந்து என் மனத்தை விட்டு அகலவில்லை: பல பலகைகளைக் கட்டுகளால் இறுகப் பிணைத்த படகு நீரில் பாரம் தாங்குவது போல, ஸ்நாயுக்களால் பிணைக்கப்பட்ட மூட்டுகளைக் கொண்டே மனிதன் பாரம் தாங்குகிறான்.

அடுத்த பிழை எண்களைப் போட்டிக்கு நிறுத்துவது. சுசுருத சம்ஹிதையின் உடற்கூற்றுப் பகுதியான சாரீர ஸ்தானம் 500 பேசிகளை, அதாவது தனித்தனியாகப் பிரிந்த மாம்சத் துண்டுகளை, கணக்கிடுகிறது: கைகால்களில் 400, நடுவுடலில் 66, கழுத்துக்கு மேலே 34. பெண்களுக்குக் கூடுதலாக 20. நவீன உடற்கூறியல் 600-க்கும் மேற்பட்ட எலும்புத் தசைகளைப் பட்டியலிடுகிறது. இதை வைத்து ஒரு சாரார் பழையவர்கள் தவறிவிட்டார்கள் என்கிறார்கள். மறுசாரார் எல்லாம் அன்றே தெரிந்திருந்தது என்கிறார்கள். இருவருமே எண்ணிய முறையைப் பார்ப்பதில்லை. சுசுருதர் விவரிக்கும் முறையில், உடலைப் புல்லாலும் நாராலும் சுற்றி, கூண்டுக்குள் வைத்து, ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பிறகு வேர், மயிர், மூங்கில் ஆகியவற்றாலான தூரிகைகளால் தோலிலிருந்து தொடங்கி அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்க்க வேண்டும். கத்தியால் ஒவ்வொரு தசையின் தொடக்கத்தையும் முடிவையும் பிரித்துக் காண்பதற்கும், ஊறிய உடலின் அடுக்குகளைக் கண்ணால் காண்பதற்கும் இடையே எதை ‘ஒன்று’ என எண்ணுவது என்பதே வேறுபடும். இன்றுங்கூட, பல தலைகளுடைய தசையை ஒன்றெனக் கொள்வதா பலவெனக் கொள்வதா என்பதைப் பொறுத்து நவீன எண்ணிக்கை மாறுகிறது. நேரடியாக உடலைப் பார்த்தே கற்க வேண்டும் என்று அந்த நூல் வற்புறுத்துவதுதான் 500 என்ற எண்ணைவிட மதிப்புடையது என்று நான் கருதுகிறேன்.

சுருக்கம் எப்படி நிகழ்கிறது என்பதிலும் இரு பக்கமும் பிழைகள் உண்டு. தசை இழைக்குள் இருக்கும் புரத நூல்கள் ரப்பரைப் போலக் குறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஓர் எலும்புத் தசை இழையை நுண்ணோக்கியில் பார்த்தால், கருமையும் வெளிர்மையுமாகக் குறுக்கு வரிகள் மாறி மாறி வரும். ஓய்வில் ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர் நீளமுள்ள சார்கோமியர் என்ற அலகுகள் வரிசையாக நிற்பதால் வரும் தோற்றம் அது. தசை சுருங்கும்போது வெளிர் பட்டை ஒடுங்குகிறது. கரும்பட்டையின் அகலம் மாறுவதில்லை. மெல்லிய ஆக்டின் நூல்கள் தடித்த மையோசின் நூல்களுக்கிடையே வழுக்கி நகர்கின்றனவே தவிர, எந்த நூலும் குறுகுவதில்லை என்பதை இதிலிருந்து 1954-இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் ஓர் அணியாகவும், ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றோர் அணியாகவும் தனித்தனியே நிறுவினார்கள். நரம்பின் தூண்டலால் கால்சியம் வெளிப்பட்டு ஆக்டினின் பிடியிடங்கள் திறக்கின்றன. பிடித்த பிடியை விடுவதற்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. தேவை. இறந்த உடல் விறைத்துப்போவது ஏ.டி.பி. தீர்ந்து பிடி விடுபடாததால்தான். தளர்வதற்கும் ஆற்றல் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. இந்த நுட்பங்களை எடுத்து வந்து வியான வாயுதான் நரம்பு மின்னோட்டம், தாதுக்களைப் பக்குவப்படுத்தும் தீயாகிய தாத்வக்னிதான் ஏ.டி.பி. என்று ஒட்டவைப்பது, ஆயுர்வேதத்துக்குப் பெருமை சேர்ப்பது போலத் தோன்றினாலும், உண்மையில் அதன் சொந்தச் சிந்தனையை அழித்துவிடுகிறது. வியானம் என்பது உடல் முழுவதும் பரவிய அசைவையும் ஓட்டத்தையும் ஒருசேர விளக்கும் கருத்து. ஒரு மூலக்கூறுக்கு இடப்பட்ட மாற்றுப் பெயரன்று.

தாதுக்களின் வரிசையில் மாம்சத்துக்குப் பிறகு மேதஸ் வருவதைக் கண்டு, “பயிற்சியை நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறும் என்று ஆயுர்வேதமே சொல்கிறது” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அப்படிச் சொல்லவில்லை. வரிசை குறிப்பது, உணவின் சாரம் ஒவ்வொரு தாதுவையும் எந்த முறையில் ஊட்டுகிறது என்பதை. அந்த ஊட்டத்தை விளக்கவும் பால் தயிராவது, வாய்க்கால் நீர் பாத்திக்குப் பாத்தி பாய்வது, களத்துமேட்டுப் புறாக்கள் தத்தம் இடத்துக்குத் தானியம் கொண்டுபோவது என மூன்று நியாயங்களை, அதாவது உவமை விளக்கங்களை, உரையாசிரியர்கள் விவாதித்திருக்கிறார்கள். உருவாகி நிலைத்த தசை அப்படியே கொழுப்பாகிவிடும் என்பது அந்த விவாதத்தின் முடிவன்று. நவீன உடலியங்கியலும் தசைச் செல் கொழுப்புச் செல்லாக மாறுவதில்லை என்றே சொல்கிறது. உழைப்பு நின்றதும் தசை மெலிகிறது, உணவு குறையாததால் கொழுப்பு சேர்கிறது; இரண்டும் ஒரே காலத்தில் நடப்பதால் ஒன்று மற்றொன்றாவது போலத் தெரிகிறது.

இதே கதைதான் வலியிலும். பழக்கமில்லாத பயிற்சிக்கு மறுநாள் படிக்கட்டில் இறங்கும்போது தொடை வலிப்பதற்கு லாக்டிக் அமிலத்தைக் குறை சொல்வது வழக்கம். பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இதயத்தசை அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கிறது, கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக்குகிறது. 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்தை அடையும் அந்த வலிக்கு, நீண்டபடியே பாரம் தாங்கும்போது தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியுமே காரணமாகக் கருதப்படுகின்றன. இந்த நிலையில், கழிவாகவே இல்லாத லாக்டேட்டைக் கழிவென்று கொண்டு, ‘ஆமம்’ என்பதும் அதுவே என்று சொல்வது இரட்டைப் பிழை. ஆமம் என்பது அக்னி மந்தமானதால் செரித்து முடியாமல் நின்றது பற்றிய கருத்து.

உடற்பயிற்சியின் அளவில்தான் இரு மரபுகளும் மனமார நெருங்கி வருகின்றன. ஆனால் அங்கேயும் தவறாகப் படிக்கிறோம். ‘அர்த்த சக்தி’, அதாவது பாதி வலிமை அளவுக்கே பயிற்சி என்ற விதியை, தூக்கும் எடையைப் பாதியாக்கச் சொல்வதாகச் சிலர் கொள்கிறார்கள். சுசுருத சம்ஹிதை அதற்குத் தரும் அடையாளம் மூச்சு: இதயத்தில் உள்ள வாயு வாய்க்கு வரும் நிலை, அதாவது வாயால் மூச்சு வாங்கத் தொடங்கும் நிலை. வலிமையுள்ளவரும் நெய்ப்புள்ள உணவு உண்பவரும், குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அந்த அளவுக்குப் போகலாம், மற்றக் காலங்களில் இன்னும் குறைக்க வேண்டும் என்பது அஷ்டாங்க ஹிருதயம். ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும் அளவுகோல் இது. மீறினால் தாகம், உடல் தேய்வு, மூச்சுத்திணறல், காய்ச்சல், வாந்தி வரும் என்ற எச்சரிக்கையும் உடன் இருக்கிறது. நவீன மருத்துவம் காட்டும் அபாயம் இன்னும் கடுமையானது: அளவுமீறிய உழைப்பில் தசை இழைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மையோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால், ஓய்வெடுத்துப் பார்ப்போம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதைத் தசைப்பிடிப்பென்று கருதித் தேய்க்கக் கூடாது; ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருந்தால் அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். புதிதாகக் கண்ட காய்ச்சலிலும் அஜீரணத்திலும் அப்யங்கம் கூடாதென்று ஆயுர்வேத நூல்களே விலக்கி வைத்திருப்பதையும், எண்ணெய் என்றால் எப்போதும் நல்லது என்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, முதுமை. “வயதானால் உடல் வற்றத்தான் செய்யும்” என்று விட்டுவிடுவது, நான் அறிந்தவரை, இவற்றுள் அதிகம் பேரைப் படுக்கையில் தள்ளும் பிழை. பிட்டம், கன்னம், தொடை, மார்பு, கெண்டைக்கால், கழுத்து ஆகியவை வற்றுவதை மாம்ச க்ஷயத்தின் குறிகளாகச் சுசுருத சம்ஹிதை எண்ணி வைத்தது, அது கவனிக்க வேண்டிய நிலை என்பதால்தான். இர்வின் ரோசன்பர்க் 1989-இல் சார்கோபீனியா என்று பெயரிட்ட முதுமைத் தசைத்தேய்வை நவீன மருத்துவம் இன்று ஒரு நோயாகவே கருதுகிறது. பாஸ்டனில் நடந்து 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 90 வயதான, தளர்ந்த முதியோர் 8 வாரங்கள் மேற்பார்வையுடன் பளுப்பயிற்சி செய்து, தொடை வலிமையைச் சராசரியாக 174% கூட்டிக்கொண்டார்கள். வீட்டில் இருக்கும் பெரியவரைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஒரு சாதாரண நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள், அருகிலேயே நின்றுகொள்ளுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனாலோ, கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டாலோ, அவருடைய தசை வலிமையை மருத்துவரிடம் சோதிக்கும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.