காட்பாடிப் பக்கம் திரும்பாத ஊசி: காந்தப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறாம் வகுப்புக்குக் காந்தவியல் எடுக்கப் புதிதாக வரும் ஆசிரியர்களும், அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்யும் பிள்ளைகளும் வருஷா வருஷம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். காந்தத்தைக் கீழே போடாதே, சுத்தியலால் தட்டாதே, நெருப்பில் காட்டாதே என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை விட்டுவிடலாம். புத்தகத்தில் இல்லாததும், இருந்தும் யாரும் கண்டுகொள்ளாததும்தான் இங்கே.

நியோடிமியம் காந்தத்தைக் காந்த ஊசிப்பெட்டியோடு வைப்பது

பெரிய நஷ்டம் இதில்தான். திசைகாட்டும் ஊசிப்பெட்டிக்குள் இருப்பது மெல்லிய எஃகு ஊசி. அதன் காந்தத்தன்மை பலவீனமானது. பழைய சட்டக்காந்தமும் பலவீனமானதுதான் என்பதால் இரண்டும் ஒரே அலமாரியில் காலம் தள்ளின. இப்போது பிள்ளைகள் பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்தும் பொம்மையிலிருந்தும் வெள்ளி போல மின்னும், அளவுக்கு மீறிய வலுவுள்ள நியோடிமியம் காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வருகிறார்கள். அளவில் சின்னதுதானே என்று அதையும் அதே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள்.

அந்தக் காந்தத்தை மெதுவாகக் கிட்டே கொண்டுபோனால் ஊசி சுழன்று எதிர் முனையைக் கொடுத்துவிடும். பெரும்பாலும் சேதம் இருக்காது. சட்டென்று கண்ணாடி மேல் வைத்தாலோ, பெட்டி சாய்ந்து ஊசி கண்ணாடியில் சிக்கியிருந்தாலோ, ஊசியால் திரும்ப முடியாது. ஊசி திரும்பாததால் அதற்குள் இருக்கும் காந்தத்தன்மை திரும்பிவிடும். வடக்கைக் காட்ட வேண்டிய, சிவப்பு பூசிய முனை தென்முனை ஆகிவிடும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஊசி வழக்கம்போல ஆடும், வழக்கம்போல ஒரே கோட்டில் நிற்கும், ஆனால் தலைகீழாக.

வகுப்பில் பெட்டிகளை வரிசையாக வைத்ததும் குட்டு வெளிப்படும். சில பெட்டிகள் ஒரு பக்கம் காட்டும், சில நேர் எதிர்ப்பக்கம். "சார், எங்க பெட்டி மட்டும் ஸ்ரீபுரத்தைக் காட்டுது" என்று வேலூர்ப் பிள்ளை ஒன்று, ஊருக்குத் தெற்கே இருக்கும் ஸ்ரீபுரத்தைச் சொல்லி, பார்த்ததைச் சரியாகத்தான் சொல்லும். அதற்கு "பக்கத்துப் பெட்டி இழுக்குது, நீ வடக்குன்னே எழுது" என்று பதில் வரும்போதுதான் எரிச்சல் வருகிறது. கண்ணால் பார்த்ததை எழுதிய பிள்ளைக்குத் தப்பு விழுகிறது. அதோடும் நிற்பதில்லை. அந்த ஊசியை நம்பித்தான் சாயம் போன சட்டக்காந்தங்களுக்குச் சிவப்பு, நீலம் பூசுவார்கள். அடுத்த வருஷம் வரும் ஆசிரியருக்குப் பெட்டியும் தப்பு, காந்தமும் தப்பு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதால் சந்தேகமே வராது.

சரிபார்க்கக் காசு செலவில்லை. வேலூர் ஊருக்குள் நின்றால் பாலாறும் அதைத் தாண்டிக் காட்பாடியும் வடக்கே, ஸ்ரீபுரம் தெற்கே. சிவப்பு முனை காட்பாடிப் பக்கம் நிற்க வேண்டும். ஆம்பூரிலோ ஆரணியிலோ இருப்பவர்கள் காலைச் சூரியனைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் வடக்கு. நம் பகுதியில் காந்த வடக்குக்கும் புவியியல் வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். ஆறாம் வகுப்பில் அதைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

தலைகீழான பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். அதைக் கெடுத்த காந்தமே அதைச் சரிசெய்யும். முதலில் நல்ல பெட்டி ஒன்றை ஓர் அடி தள்ளி வைத்து, நியோடிமியம் காந்தத்தின் எந்த முகம் சிவப்பு முனையை இழுக்கிறது என்று பாருங்கள். அதுதான் தென்முனை. ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கெட்ட பெட்டியைச் செங்குத்தாகச் சாய்த்து, ஊசி கண்ணாடியில் உரசி அசையாமல் நிற்கும்படி பிடியுங்கள். குறித்த முகத்தை ஊசியின் நடுவில் கண்ணாடி மேல் வைத்து, சிவப்பு முனையை நோக்கி இழுத்து, பெட்டியைத் தாண்டிய பிறகே தூக்குங்கள். திரும்பக் கொண்டுவரும்போது கண்ணாடியைத் தொடாமல் உயரமாக வளைத்துக் கொண்டுவாருங்கள். இரண்டு மூன்று முறை போதும். தேய்க்கும் முனை எந்த ஓரத்தில் விடுபடுகிறதோ அந்த ஓரம் அதற்கு எதிர் முனையாகும். ஊசி திருந்தவில்லை என்றால் இரண்டு காரணம்தான்: முகத்தை மாற்றிப் பிடித்திருப்பீர்கள், அல்லது நடுவில் ஊசி சுழன்றிருக்கும்.

சட்டக்காந்தமும் தப்பாது. பழைய எஃகுக் காந்தத்தின் நடுவில் நியோடிமியத்தை ஒட்ட விட்டால் நடுவிலும் ஒரு முனை முளைக்கும். இரும்புத்தூளில் புரட்டினால் இரண்டு ஓரத்தில் வரவேண்டிய குஞ்சம் மூன்று இடத்தில் நிற்கும். இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வையுங்கள்.

இரும்பு டெஸ்க் மேல் திசை பார்ப்பது

ஊசி டெஸ்க்கின் காலைக் காட்டும். மாடி வகுப்பென்றால் தரைக்குள்ளேயே கம்பி ஓடுகிறது. மைதானத்துக்குப் போங்கள்.

எவர்சில்வர் ஒட்டாது என்று எழுதிப் போடுவது

சில டம்ளர் ஒட்டாது, சில தட்டு நன்றாகவே ஒட்டும். நிக்கல் சேர்த்த எவர்சில்வர் ஒட்டுவதில்லை. நிக்கல் இல்லாமல் குரோமியம் மட்டும் சேர்த்தது ஒட்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடிப்பாகம் ஒட்டியே ஆகவேண்டும். ஒட்டாத பாத்திரத்தை அந்த அடுப்பு ஏற்காது. நாணயத்திலும் இதே கதை. 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் ஒட்டும், அதற்கு முந்தைய பெரிய ஒரு ரூபாய் தாமிரமும் நிக்கலும் கலந்தது, ஒட்டாது. "உலோகம் ஒட்டும்" என்று போர்டில் எழுதுவதைவிட, வீட்டிலிருந்து பத்துப் பொருள் கொண்டுவரச் சொல்லிப் பிரிக்க விடுவது மேல்.

ஈர்ப்பை வைத்துக் காந்தம் என்று முடிவு கட்டுவது

ஆணியும் ஈர்க்கப்படும். விலக்கினால்தான் காந்தம்.

பாலாற்று மணலில் வருவதை இரும்புத்தூள் என்பது

மணலில் காந்தத்தைப் புரட்டினால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருவது மேக்னடைட், அதாவது இரும்பின் ஆக்சைடு. செலவில்லாத பொருள்தான், தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் காந்தப்புலக் கோடுகள் வரையும்போது லேத் பட்டறைத் தூள் அளவுக்குக் கோடு தெளிவாக விழாது. இரண்டு மூன்று முறை காகிதத்தில் கொட்டி, மேலே காந்தத்தைக் காட்டித் திரும்பப் பொறுக்கினால் வெள்ளை மணல் கழியும். மேக்னடைட் என்றாலே இயற்கைக் காந்தம் என்று சொல்வதும் தப்பு. பழைய வட ஆற்காட்டில் திருவண்ணாமலை அருகே கவுத்தி மலையில் இருப்பதும் மேக்னடைட் தாதுதான். அது காந்தத்தால் ஈர்க்கப்படும். ஆனால் தானே ஆணியை இழுக்கும் துண்டு கிடைப்பது அரிது.

எந்தத் தூளானாலும் காந்தத்தைப் பாலித்தீன் உறைக்குள் போட்டுவிட்டு எடுங்கள். நேரடியாக ஒட்டிய தூளை நகத்தால் சுரண்டி மாளாது.

ஸ்பீக்கர் காந்தத்தில் முனையைத் தவறாகக் குறிப்பது

காயலான் கடையில் கிடைக்கும் கறுப்பு வளையத்துக்கு முனை இரண்டு தட்டை முகங்களில். ஓரத்தில் அல்ல.

சட்டக்காந்தங்களைக் குவியலாகப் போட்டு வைப்பது

இரண்டு காந்தத்தை இணையாக, எதிர் முனைகள் பக்கத்தில் வரும்படி படுக்கவைத்து, நடுவில் மரச்சட்டம் கொடுத்து, இரண்டு ஓரத்திலும் தேனிரும்புத் துண்டை ஒட்டவிடுங்கள். பெட்டியோடு வந்த துண்டு தொலைந்திருக்கும். ஓரத்துக்கு நாலு கம்பி ஆணியைச் சேர்த்து வைத்தாலும் ஓரளவு வேலை நடக்கும். ஸ்பீக்கர் காந்தத்துக்கு இது தேவையில்லை.

குட்டி உருண்டைக் காந்தங்களைக் கையில் கொடுப்பது

கொடுக்காதீர்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலின் இரு மடிப்பை நடுவில் நசுக்கி ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அன்றே, அப்போதே, எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரி.