பிரிண்டரின் முகவரியை றவுட்டரிலேயே பதிந்து வையுங்கள்

புதிதாக வைஃபை பிரிண்டரோ கமரா ரெக்கோடரோ வாங்கினால், அதற்குள் போய் ஐபி முகவரியை, அதாவது வலையமைப்பில் அந்தச் சாதனத்தைக் கண்டுபிடிக்க உதவும் எண்ணை, கையால் அடிக்காதீர்கள். தானாக இணைய விடுங்கள். அப்புறம் றவுட்டரின் டிஎச்சிபி (சாதனங்களுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில், அந்தச் சாதனத்தின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை, உதாரணமாக 192.168.1.50 என்று, ஒதுக்கி விடுங்கள். மேக் முகவரி என்பது சாதனத்தின் வலையமைப்புப் பகுதிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த அடையாளம், எழுத்தும் இலக்கமும் கலந்து மொத்தம் 12 இருக்கும். பெரும்பாலும் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்.

புதுச் சாதனம் வலையமைப்பில் சேர்ந்ததும் முகவரி கேட்டுக் குரல் கொடுக்கும், றவுட்டர் ஒன்றைக் கொடுக்கும். ஆனால் அது தவணைக்குக் கொடுப்பதுதான். கரண்ட் போய் வந்தால் வேறு எண் விழலாம், கொம்பியூட்டரும் பழைய எண்ணிலேயே பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கும். மேக்கைப் பதிந்து வைத்தால் எப்போதும் அதே எண்தான். கல்முனையிலும் காத்தான்குடியிலும் போட்டோ கொப்பிக் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பரீட்சை விண்ணப்பங்கள் குவியும் நாளில் பிள்ளைகளைக் காக்க வைப்பது பாவம்.

கைபேசிகளுக்கு இதைச் செய்யும்போது கவனம் தேவை, ஸ்டிக்கரிலோ பெட்டியிலோ உள்ள மேக் சரிவராமல் போகலாம்: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் அவை வைஃபையில் மாற்று மேக் முகவரியைக் காட்டுகின்றன. பிரிண்டரை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றினாலும் மேக் வேறு, திரும்பப் பதிய வேண்டும். றவுட்டரையே மாற்றினால் முழுப் பட்டியலும் போய்விடும், அதனால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.