'டோட்ரி'யை வேர்வரை தோண்டிப் பார்ப்பது எப்படி

ஆங்கிலப் பாடத்தில் 'டோட்ரி' (tawdry) என்று ஒரு சொல் வந்தால் அகராதியைப் பார்த்து "மலிவான பகட்டு" என்று கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம், பரீட்சையில் அது ஞாபகம் வராது. வேரைத் தோண்டிப் பார்த்தால் மறக்கவே மறக்காது. இந்தச் சொல்லுக்குள்ளே ஒரு புனிதை இருக்கிறார்.

முதலில் சொற்பிறப்பு சொல்கிற பெரிய அகராதி ஒன்றை எடுங்கள், போனிலேயே கிடைக்கும். பொருளை விடுங்கள், சொல் ஆரம்பத்தில் எதோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்று தேடுங்கள். டோட்ரி தனியாக வரவில்லை, 'டோட்ரி லேஸ்' என்றுதான் வந்தது. லேஸ் என்றதும் சட்டைக் கரையில் தைக்கிற பின்னலை நினைக்காதீர்கள் (நானும் அப்படித்தான் நினைத்தேன்), இது பெண்கள் கழுத்தில் கட்டிய பட்டு நாடா, சப்பாத்து லேஸ் என்கிறோமே, அந்த வகை லேஸ்.

சரி, இப்போது சத்தம் போட்டுச் சொல்லுங்கள். அந்தப் புனிதையின் பெயரை 'செயின்ட் ஓட்ரி' என்று வேகமாக நாலு தரம் சொன்னால் முதல் சொல்லின் கடைசி 'ட்' நழுவிப்போய் ஓட்ரியில் ஒட்டிக்கொள்ளும். நம்ப முடியாவிட்டால் நம் கோயில்களில் கேட்கிற பெயரையே எடுங்கள். யாகப்பரைச் சந்தியாகு என்றும் கூப்பிடுகிறோம், அது 'சாந்த் இயாகோ', அதாவது புனித யாகப்பர். அதையே 'சான் தியாகோ' என்று பிழையாகப் பிரித்ததில்தான் தியாகோ என்ற பெயர் உண்டானது.

அப்புறம் ஆளைத் தேடுங்கள். ஓட்ரி என்பது எதல்திரித் என்ற பழைய பெயரின் தேய்ந்த வடிவம். இங்கிலாந்தின் கிழக்கே ஆண்ட அன்னா என்ற அரசனின் மகள், 673இல் ஈலி என்ற இடத்தில் மடம் நிறுவி 679இல் கழுத்தில் கட்டி வந்து இறந்தார். சின்ன வயதில் மாலை மாலையாக அணிந்ததற்குத்தான் இது என்று அவரே சொன்னதாக, பீட் என்ற துறவி 731இல் முடித்த வரலாற்றில் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. கழுத்துக் கட்டியிலிருந்து நேரே "மட்டமான நகை"க்குத் தாவினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் இடையில் ஏறக்குறைய ஆயிரம் வருடம் கிடக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவது சந்தை. புனிதையின் திருநாளுக்கு ஈலியில் சந்தை கூடும், அங்கே அவர் பெயரில் நாடா விற்பார்கள். மாமாங்கத் தீர்த்தத்துக்கோ ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கோ போனால் வழிநெடுக மணிமாலையும் காப்பும் தொங்குமே, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள் எப்போது கெட்டது என்பதையும் பாருங்கள். சேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றில் ஒரு கிராமத்துப் பெண் "டோட்ரி லேஸ் வாங்கித் தருவதாகச் சொன்னாயே" என்று தன் ஆளிடம் கேட்கிறாள், அதில் இளக்காரமே இல்லை. 17ஆம் நூற்றாண்டு போகப் போகத்தான் மினுக்கிக்கொண்டு நிற்கிற மலிவுச் சாமான் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் வந்தது. திருவிழாவில் வாங்கின மாலையின் பூச்சு மூன்றாம் நாள் கழுத்தில் ஒட்டிக்கொண்ட அனுபவம் எனக்கும் இருப்பதால் இதை விளக்க அகராதி தேவைப்படவில்லை.

அடுத்து 'மோட்லின்' (maudlin) என்ற சொல்லை நீங்களே தோண்டிப் பாருங்கள், அழுமூஞ்சித்தனமான என்று பொருள். அகராதியைத் திறக்க முதல், பழைய ஓவியங்களில் மகதலா மரியாளின் கண்களைப் பாருங்கள்.