குறைந்த வாடகையில் அடுக்குமாடி வீடு தேடுவது எப்படி?

விளம்பரத்தில் உள்ள வாடகையை மட்டும் பார்த்து வீடு பிடிப்பவர்கள், அந்த வீடு மலிவானதன்று என்பதைப் பெரும்பாலும் குடியேறிய பிறகே உணர்கிறார்கள். எனவே வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முன், மாதத்திற்கு மொத்தமாக எவ்வளவு செலவிட முடியும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை தரக்கூடாது என்பார்கள். அமெரிக்க அரசுக் குடியிருப்புகளில் 1969இல் 25 சதவீதமாக இருந்து, 1981இல் 30 சதவீதமாக உயர்த்தப்பட்ட வரம்பு அது. கடன் தவணை கட்டுபவருக்கு அதுவே அதிகம். வாடகையோடு பராமரிப்புக் கட்டணம், மின்சாரம், தண்ணீர், வண்டி நிறுத்தும் இடம், போக்குவரத்து ஆகியவற்றையும் கூட்டி வரும் தொகையே உங்கள் உண்மையான வாடகை. தரகுக் கட்டணத்தையும் வீடு மாற்றும் செலவையும், அங்கே தங்கப்போகும் மாதங்களால் வகுத்து அதில் சேருங்கள். தொலைவில் வாடகை குறைவுதான். ஆனால் 22 வேலைநாள்களில் 44 பயணங்கள், ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் கூடினால், மாதம் 22 மணி நேரம் வழியிலேயே கழியும்.

அடுத்த படி, பகுதியைத் தேர்ந்து கால்நடையாகச் சுற்றுவது. எல்லா வீடுகளும் இணையத்தில் வருவதில்லை. காவலாளிகளிடமும் கடைக்காரர்களிடமும் விசாரித்தால், விளம்பரத்துக்கு வராதவை தெரியவரும். ஒரே அளவுள்ள ஐந்தாறு வீடுகளின் வாடகையைக் குறித்து வைத்தால், அப்பகுதியின் நடப்பு விலை புலப்படும். அதைவிட மிகக் குறைவாகக் கேட்டு, வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பணம் அனுப்பச் சொல்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

வீட்டைப் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் பாருங்கள். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் நீரின் வேகம் தெரிந்துவிடும். அலமாரியின் பின்பக்கச் சுவரையும் கழுவுதொட்டியின் அடிப்பகுதியையும் தொட்டுப் பார்த்து ஈரம் உள்ளதா என அறியுங்கள்; ஒரு சுவரில் மட்டும் புதுவண்ணம் இருந்தால் காரணம் கேட்கத் தயங்காதீர்கள். மேல்தளமாயின், வெயில் ஏறியபின் உள்ளே சற்று நேரம் நின்று பார்ப்பது நல்லது. கைப்பேசியில் சிக்னல் கிடைக்கிறதா என்பதை ஒவ்வோர் அறையிலும் சோதியுங்கள்.

பிடித்துவிட்டால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேரம் பேச வேண்டும். பல வாரங்களாகக் காலியாக உள்ள வீட்டுக்கும், நீண்டகாலம் தங்க உறுதி தருபவருக்கும் உரிமையாளர் இறங்கிவர வாய்ப்புண்டு. வாடகையைக் குறைக்க மறுத்தால் முன்பணத்தையாவது குறைக்கச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டை வாடகைக்குத் தருபவருக்கு அதற்கான உரிமை உண்டா என்பதை உறுதிசெய்த பின்னரே ஒப்பந்தத்துக்கு வாருங்கள். வாடகை எப்போது, எவ்வளவு உயரும், பழுதுபார்ப்பது யார் பொறுப்பு, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும், முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடித்தம் செய்வார்கள் ஆகிய நான்கும் எழுத்தில் இருத்தல் வேண்டும். சாவி வாங்கும் நாளிலேயே சுவர்க்கறைகள், விரிசல்கள், மின்மீட்டர் அளவு ஆகியவற்றைப் படமெடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.