பெருந்தொற்றுக் குளிர்காலத்தில் பராமரிப்பு, வழிபாடு, தானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் நிவாரணப் பொட்டலம் கட்டப் போனவரும், மாலையில் வழிபாட்டில் நின்று பாடியவரும், இரவில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டுகிறவரும் ஒரே ஆளாக இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கும் குளிர்காலத்தில், அதுவும் தொற்று பரவும்போது, பெரும்பாலான தவறுகள் இந்த மூன்றையும் தனித்தனியாக நினைப்பதால்தான் வருகின்றன. "அங்கே ஒரு மணி நேரம்தான் இருந்தேன்", "முகக்கவசம் போட்டிருந்தேன்", "நம்ம வீட்டு ஆட்கள்தானே" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கையில் இருக்கும். ஆனால் நோயாளியின் அறைக்கு வந்து சேர்வது எல்லாவற்றின் கூட்டுத்தொகை.

அதனால் கணக்கையும் ஒரே தாளில் போடுங்கள். பராமரிக்கிறவர் அந்த வாரம் மூடிய இடங்களில், வெளியாட்களோடு எத்தனை மணி நேரம் இருக்கப்போகிறார்? நிவாரண வேலைக்கு நேரில் போகிற வாரம் வழிபாடு வீட்டிலிருந்து. பெரிய வழிபாட்டு நாளுக்கு நேரில் போகத்தான் வேண்டுமென்றால், அந்த வாரம் பொட்டலம் கட்டும் வேலை வேறொருவருக்கு. வீட்டில் இருவர் இருந்தால் இன்னும் எளிது. ஒருவர் வெளிவேலை பார்க்கட்டும், மற்றவர் மட்டும் நோயாளியைத் தொடட்டும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது நெகட்டிவ் ரிசல்ட். நேற்று கூட்டத்தில் நின்றவருக்கு இன்று ரேப்பிட் ஆன்டிஜென் சோதனை (சில நிமிடங்களில் முடிவு தெரியும் கொரோனா சோதனை) நெகட்டிவ் என்று வந்தால், அது பெரிதாக எதையும் சொல்வதில்லை. கொரோனாவில் அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகலாம். அறிகுறி தெரிவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்பே பரப்பவும் தொடங்கிவிடலாம். சோதித்தால் 48 மணி நேரம் விட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அதுவரை நோயாளியின் அறைக்குள் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டே போக வேண்டும்.

காற்றை மறந்துவிட்டுக் கையை மட்டும் கழுவுவது

கையைக் கழுவுங்கள், 20 விநாடி சோப்புப் போட்டு. ஆனால் அதோடு வேலை முடிந்துவிடவில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் கவுன்டியில் பாடகர் குழு ஒன்று இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அறிகுறியுடன் வந்திருந்த ஒருவரிடமிருந்து, சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து, 52 பேருக்குத் தொற்றியது. இருவர் இறந்தார்கள். மூடிய அறையில் சத்தமாகப் பாடும்போதும் பேசும்போதும் நுண்துளிகள் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். கூட்டு வழிபாட்டில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். பாட்டு வேண்டுமென்றால் திறந்த வெளிக்குப் போகலாம், அல்லது ஒருவர் பாட மற்றவர்கள் மனத்துக்குள் பாடலாம்.

வீட்டில் பெரும்பாலோர் செய்வது, குளிருக்குப் பயந்து நாள் முழுக்க ஜன்னலை அடைப்பது, அல்லது ஒரு விரற்கடை அளவுக்கு நாள் முழுக்கத் திறந்து வைப்பது. இரண்டாவதில் அறையும் குளிரும், காற்றும் சரியாக மாறாது. எதிரெதிர் ஜன்னல்களை 5 முதல் 10 நிமிடம் முழுதாகத் திறந்துவிட்டு மூடுவது மேல். அந்த நேரத்தில் நோயாளிக்குப் போர்வை போர்த்திவிடலாம், அல்லது அடுத்த அறையில் உட்காரவைக்கலாம். சுவர் அதற்குள் குளிர்ந்துவிடாது என்பதால் அறை சீக்கிரமே மறுபடி கதகதப்பாகிவிடும். யாராவது பார்க்க வந்துபோனால் அவர் கிளம்பியதும் மறுபடி ஒரு முறை திறக்க வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் வைத்திருப்பவர்கள் 800 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கு காற்றில் 800 பங்கு) இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். வெளிக்காற்றில் அது 420 அளவில் இருக்கும். தூபப் புகை அறைக்கு வெளியே இருக்கட்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறவருக்கு அது கூடுதல் சுமை.

கணப்புக்காக மூடிய அறைக்குள் கரி மூட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. அதைவிட மோசம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அதைக் கண்டுபிடிக்காது. கார்பன் மோனாக்ஸைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் என்றே எடுத்துக்கொண்டு 98 என்று காட்டும். ஆள் மயங்கிக் கிடப்பார், திரையில் நல்ல எண் தெரியும்.

ஆக்ஸிமீட்டரைச் சில்லிட்ட விரலில் மாட்டுவது

குளிர்காலத்தில் இது தினமும் நடக்கிற தவறு. விரல் சில்லிட்டிருந்தால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், எண் தாறுமாறாக வரும். 88 என்று பார்த்துப் பதறிப்போவார்கள், கையைத் தேய்த்துச் சூடாக்கினால் 96 வரும். முறை இதுதான்: நோயாளியை ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவையுங்கள், நகப்பூச்சு இருந்தால் துடைத்தெடுங்கள், உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள், கையை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே ஆடாமல் வையுங்கள். மாட்டியதும் வரும் முதல் எண்ணை எடுக்கக்கூடாது. ஒரு நிமிடம் வரை பொறுத்து, எண் ஓரிடத்தில் நின்ற பிறகு நேரத்தோடு எழுதுங்கள்.

94க்குக் கீழே போனால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், 90க்குக் கீழே என்றால் அவசரம். நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அளவு வேறு என்பதால், அவர்களுக்கென்று மருத்துவர் சொன்ன எண்ணை ஆக்ஸிமீட்டர் டப்பாவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2021இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. ஆகவே ஒரே ஒரு எண்ணை நம்புவதைவிட, காலை 97, மாலை 95, மறுநாள் 93 என்று இறங்கிக்கொண்டே வருகிறதா என்று பார்ப்பதுதான் உதவும். எண் நன்றாக இருந்தும் ஆள் திணறினால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரும். திடீர்க் குழப்பம், சாப்பாட்டை ஒதுக்குவது, வழக்கமில்லாமல் தடுமாறி விழுவது ஆகியவையும் அறிகுறிகள்தான்.

மாத்திரையில் ஒரு வார்த்தை. சளிக்கு வாங்கும் கலவை மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுக் காய்ச்சலுக்குத் தனியாகவும் பாராசிட்டமால் கொடுத்தால் இரட்டை அளவு. ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. மெலிந்த முதியவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் அதற்கும் குறைவு. அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

நேரில் போகாததைப் பாவமாக நினைப்பது

பெரியவர்களைவிடப் பராமரிக்கிறவர்களைத்தான் இந்தக் குற்ற உணர்வு அதிகம் அரிக்கிறது. 2020 மார்ச் 27 அன்று போப் பிரான்சிஸ் ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் நின்று ஜெபித்தார். அந்த ஆண்டு ஹஜ் யாத்திரை சவூதியிலேயே வசித்த சுமார் ஆயிரம் பேரோடு நடந்தது. திருமலையிலும் அந்த மார்ச்சில் பக்தர்கள் தரிசனம் நின்றது, உள்ளே நித்திய பூஜைகள் நிற்கவில்லை. அவ்வளவு பெரிய இடங்களே கூட்டத்தை விட்டுக்கொடுத்தபோது, நோயாளியோடு இருக்கிறவர் வீட்டிலிருந்து வழிபடுவதில் என்ன குறை?

விரதம், நோன்பு விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. நீரிழிவுக்காரர் மருந்தை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால், இன்சுலினும் சில மாத்திரைகளும் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். காய்ச்சல் இருக்கும்போது அந்தத் தொற்றே சர்க்கரையை ஏற்றவும் செய்யும். சர்க்கரை (மி.கி./டெசிலிட்டர் கணக்கில்) 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை அப்போதே முடித்துவிட வேண்டும் என்பது ரமலான் நோன்புக்கான சர்வதேச நீரிழிவு வழிகாட்டுதல். எந்த மதத்து விரதத்துக்கும் இந்த எண்கள் பொருந்தும். வீட்டில் ஆள் சொன்னால் கேட்காத பெரியவரிடம், அவர் மதிக்கும் மதகுருவைவிட்டே ஃபோனில் சொல்லவைப்பது பெரும்பாலும் பலிக்கும். இணைய வழிபாட்டில் திரை தெரியாமல், காது கேளாமல் தவிப்பவருக்கு வீடியோவைவிடச் சாதாரண ஃபோனின் ஸ்பீக்கரே போதும்.

தானத்தில் நடக்கும் தவறுகள்

அவசரத்தில் கொடுப்பது முதல் தவறு. பெருந்தொற்றில் உருக்கமான ஃபார்வர்டுகள் நிறைய வரும். புகழ்பெற்ற அமைப்பின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிய போலிப் பக்கம் இருக்கும். செய்தியில் வந்த லிங்கையோ க்யூஆர் கோடையோ தொடாதீர்கள். அமைப்பின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், பதிவு எண்ணை அரசுப் பதிவேட்டில் பாருங்கள், ரசீது கேளுங்கள். தனிநபர் கணக்குக்கோ கிஃப்ட் கார்டாகவோ கேட்டால் அதோடு விட்டுவிடலாம். தெரிந்தவர் பெயரில் வந்திருந்தால் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அவருடைய கணக்கே திருடப்பட்டிருக்கலாம்.

வீட்டில் மிஞ்சிய மருந்தைக் கொடுப்பது இரண்டாவது. நன்கொடை மருந்துகள் வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு காலாவதி மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பிரித்த அட்டையை யாராலும் பயன்படுத்த முடியாது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கிக் கொடுப்பவர்கள் பெட்டியோடு நிறுத்திவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கருவிக்கு ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் விடாமல் வேண்டும், வடிகட்டியைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும், ஆக்ஸிஜன் தூய்மை 82 சதவீதத்துக்குக் கீழே போனால் சொல்கிற அலாரம் வேண்டும். பெறுகிறவரிடம் இதையெல்லாம் கேட்காமல் வாங்கிக் கொடுத்தால் மூலையில்தான் கிடக்கும். பெரும்பாலும் பணமாகக் கொடுப்பதே அவர்களுக்குத் தோது.

மூன்றாவது தவறு யாரும் வெளியே சொல்லாதது. நோயாளியின் பணத்தை நிர்வகிக்கிறவர், தானும் கொடுத்து அவர் கணக்கிலிருந்தும் கொடுத்துவிடுவது. அவர் சொல்லாமல் அவர் பணத்தில் தானம் கூடாது. நினைவு தப்பியவர் என்றால், சட்டப்படி உங்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்று பாருங்கள். பல நாடுகளில் அது மிகக் குறைவு. உங்கள் பணத்திலும், ஒரு மாதப் பராமரிப்புச் செலவை எடுத்துவைத்த பிறகுதான் தானத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம். மாற்று ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டி வருவது பெரும்பாலும் மாதக் கடைசியில்தான்.

மாற்று ஆளே இல்லாதது

பராமரிக்கிறவர் படுத்துவிட்டால் யார்? இந்தக் கேள்விக்குப் பதிலை நல்ல நாளிலேயே எழுதிவைக்க வேண்டும். ஒரு பக்கம் போதும். மருந்தின் பெயர், அளவு, நேரம். எந்த மருந்து ஒவ்வாது. ஆக்ஸிமீட்டரில் எந்த எண்ணுக்கு யாரைக் கூப்பிட வேண்டும். மருத்துவர், பக்கத்து வீட்டார் எண்கள். நடக்கும்போது எந்தப் பக்கம் தாங்க வேண்டும். காது மிஷின் பேட்டரி எங்கே. அதன் அடியில் இன்னும் இரண்டு வரி: அவர் எந்த நேரம் பிரார்த்தனைக்கு உட்காருவார், என்ன வாசித்துக் காட்ட வேண்டும்; எந்த அமைப்புக்கு எந்தத் தேதியில் நன்கொடை தானாகக் கழிகிறது, அதை நிறுத்த வேண்டுமென்றால் எங்கே சொல்ல வேண்டும். தாளை ஃபோட்டோ எடுத்து மாற்று ஆளுக்கு அனுப்பிவிட்டு, அவரை ஒரு நாள் கூடவே வைத்துப் பழக்குங்கள். அந்த ஒரு நாளும் என்95 போட்டு, ஜன்னலை அவ்வப்போது முழுதாகத் திறந்துவிட்டு.