விட்டுப்போன எழுத்தைத் திரும்பப் பிடிக்க: தினம் ஒரு சொல், அரைப் பக்கம்

எழுதிக்கொண்டிருந்து நடுவில் நிறுத்தியவர்கள் மறுபடி உட்காரும்போது தலைப்பு தேடியே ஓய்ந்துபோகிறார்கள். நாவல், தொடர் என்று பெரிதாக இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். தினம் ஒரு சொல்லை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று அரைப் பக்கம் எழுதினால் போதும், கை பழைய பழக்கத்துக்கு வந்துவிடும்.

சொல்லை அகராதியில் பொறுக்காதீர்கள், காதில் விழுந்ததை எடுங்கள். சேலத்துக்காரர்களுக்கு இதில் பஞ்சமே இல்லை: செவ்வாய்ப்பேட்டை மண்டிப் பலகைகள், அம்மாபேட்டைத் தறி வீடுகள், ஏற்காடு பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பேச்சு. கையால் தொடக்கூடிய பொருளின் பெயராக இருந்தால் நல்லது. ‘அன்பு’, ‘வாழ்க்கை’ பக்கம் முதல் மாதம் போகவே வேண்டாம். அரைப் பக்கமும் உபதேசமாகிவிடும்.

நோட்டில் இடது பக்கம் குறிப்புக்கு: சொல், எந்த வாக்கியத்தில் கேட்டது, எப்படி உச்சரித்தார்கள். உச்சரிப்பைத் திருத்தாமல் எழுதுங்கள், பின்னால் அதுதான் துப்பு. வலது பக்கம் கட்டுரைக்கு. தேட 15 நிமிடம், எழுத 20 நிமிடம். தேடும் நேரம் நீண்டால் அன்றைக்கு எழுத்து நடக்காது. எழுதுவதைவிடத் தேடுவது சுகம், நிறையப் பேர் கவிழ்வது இங்கேதான்.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. இப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அடுத்து பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, 1984இன் இரண்டாம் பதிப்பு. கன்னடம், தெலுங்கு, மலையாளத்தில் உறவுச் சொல் உண்டா என்று அதில் தெரியும். சாவி, ஜன்னல், அலமாரி போன்ற போர்த்துகீசிய வரவுகளை அதில் தேடிப் பயனில்லை. மூன்றாவது, சொல்லாராய்ச்சி அறிஞர் தேவநேயப் பாவாணரின் நூல்கள். அவர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் நடத்தியவர். பேரகராதி வடமொழிப் பக்கம் சாய்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அவரோ எதையும் தமிழுக்கே இழுப்பார். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் படித்தால்தான் சொல் பிடிபடும்.

ஜவ்வரிசியை எடுத்துக்கொள்வோம். வெந்தால் ஜவ்வு மாதிரி ஒட்டுகிறது, அதனால் ஜவ்வு + அரிசி என்று யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். இப்படிச் சட்டென்று பொருந்துகிற இடத்தில்தான் சந்தேகப்பட வேண்டும். ஆங்கிலத்தில் ‘சேகோ’ என்பது மலாய் மொழியின் ‘சாகு’விலிருந்து போனது, ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுக்கும் மாவு. சேலத்தில் செய்வதோ குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில். உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றபோது, 1940களில் இங்கே வேர்விட்ட தொழில் இது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: பெயர் அதற்கு முன்பே தமிழில் இருந்ததா? 1862இல் வெளிவந்த வின்ஸ்லோ தமிழ்-ஆங்கில அகராதியைப் புரட்டுங்கள். ‘சவ்வரிசி’ என்று சகரத்திலும் தேடுங்கள், ஜகரத்தோடு நின்றால் கோட்டை விடுவீர்கள். முன்பே இருந்தது என்று தெரிந்தால், பெயர் இறக்குமதிச் சரக்கோடு வந்தது, சாகு + அரிசி என்பதற்குப் பலம் கூடும். ஆனால் பனை ஜவ்வரிசியும் ஒட்டத்தானே செய்யும்? ஜவ்வுக் கதை அதோடு செத்துவிடாது. இரண்டையும் எழுதி, எதற்குச் சான்று கனம் என்று சொல்லி நிறுத்துங்கள். படிக்கிறவருக்கு அந்த இழுபறிதான் ருசி.

ஊர்ப் பெயர்களில் இன்னும் கவனம். ஏரி + காடு = ஏற்காடு என்று சுற்றுலாப் பலகை முதல் எல்லாரும் சொல்கிறார்கள். புணர்ச்சிப்படி அது ‘ஏரிக்காடு’ என்றுதான் நிற்கும். கல் + கண்டு கற்கண்டு ஆவதுபோல, ககரத்துக்கு முன் லகரமோ னகரமோதான் றகரமாகும். ‘ஏர்க்காடு’ என்று தேய்ந்து, எழுத்தில் றகரம் புகுந்தது என்றால் ஏரிக் கதை நிற்கும். அதற்குப் பழைய தமிழ்ப் பத்திரத்தில் எழுத்து வடிவம் வேண்டும். லெ ஃபானு 1883இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரும் மற்ற விவரங்களுக்கு அருமையானவை. ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ர, ற வேறுபாடு தெரியாது, இந்த வழக்கை அவை தீர்க்கா.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக எழுதாதீர்கள். பாக்கி ஏறிய நோட்டை யாரும் திறப்பதில்லை. அன்றைய தேதி, அன்றைய சொல், அவ்வளவுதான். தீராத சொற்களுக்கு நோட்டின் கடைசி நாலு பக்கத்தை ஒதுக்குங்கள். காதில் எதுவும் விழாத நாளில் அங்கிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.