புரோட்டீன் பார்: உறையைத் திருப்பிப் பாருங்கள்

‘ஹை புரோட்டீன்’ என்று உறையின் முன்பக்கத்தில் அச்சடிப்பது இந்தியாவில் அவ்வளவு கஷ்டமில்லை. நூறு கிராம் திட உணவில் ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்பட்ட புரதத்தில் 20 சதவீதம் இருந்தால் போதும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் அளவு நாளுக்கு 54 கிராம். அப்படியானால் நூறு கிராமுக்குச் சுமார் 11 கிராம், 40 கிராம் பாருக்குச் சுமார் நாலரை கிராம். பாதிக்கு மேல் நிலக்கடலை போட்ட கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கே அந்தத் தகுதி உண்டு. அது பெருமையடித்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். அதனால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துக்கு வாருங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு பாருக்கான புரத அளவை 4-ஆல் பெருக்கி, அந்தப் பாரின் மொத்தக் கலோரியால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். எத்தனை சதவீதக் கலோரி புரதத்திலிருந்து வருகிறது என்பது கிடைத்துவிடும். 40 கிராம், 180 கலோரி, 6 கிராம் புரதம் என்றால் 13 சதவீதம். 60 கிராம், 230 கலோரி, 15 கிராம் புரதம் என்றால் 26. வெறும் வேர்க்கடலைக்கே 18 சதவீதம் வரும். அதற்குக் கீழே இருப்பது தின்பண்டம். பிடித்திருந்தால் சாப்பிடலாம், புரதத்துக்காக என்று காசைக் கொட்ட வேண்டாம். இருபதைத் தாண்டினால்தான் புரோட்டீன் பார் என்ற பேச்சே. முப்பதைத் தாண்டியவற்றில் பெரும்பாலும் பிரித்தெடுத்த புரதத் தூளே நிறைந்திருக்கும். மெல்லும்போது சுண்ணாம்பு மாதிரி நாக்கில் ஒட்டும்.

இந்தக் கணக்கைப் போடும்போது ஒரு பொறியைக் கவனியுங்கள். சில உறைகளில் அட்டவணை நூறு கிராமுக்கு மட்டும் பெரிதாக இருக்கும், பாரோ 35 கிராம்தான். ‘25 கிராம் புரதம்’ என்று கண்ணில் படுவது உங்கள் வாயில் ஒன்பது கிராம்கூட இல்லை.

சேர்மானப் பட்டியல்

எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்கள்தான் பார், மற்றவை அலங்காரம். பேரீச்சம்பழம், ஓட்ஸ், அரிசி சிரப் என்று ஆரம்பித்து ஐந்தாவது இடத்தில் பட்டாணிப் புரதம் வந்தால் அது இனிப்புக் கட்டி. சர்க்கரையை முதலிடத்திலிருந்து இறக்க ஒரு பழைய வழி உண்டு: அதையே வெல்லம், அரிசி சிரப், பேரீச்சை சிரப், அகாவே என நாலாகப் பிரித்துப் போடுவார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் குறைவு, கூட்டினால் அதுதான் முதலிடம்.

‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற வரியிலும் இடறாதீர்கள். பேரீச்சம்பழத்தில் நூறு கிராமுக்கு அறுபது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. முழுப்பழமாகப் போட்டால் ‘சேர்த்த சர்க்கரை’ என்ற வரியில் பூஜ்யம் வரும், ‘மொத்தச் சர்க்கரை’ என்ற வரியில்தான் உண்மை இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது வரியை.

புரதம் எதிலிருந்து வருகிறது என்பது அடுத்தது. புரதம் என்பது அமினோ அமிலங்களின் தொகுப்பு. அவற்றில் மெத்தியோனின் பயறு வகைகளில் குறைவு, லைசின் தானியங்களில் குறைவு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி மாவில் நடப்பதுதான் நல்ல பாரிலும் நடக்கிறது: பட்டாணிப் புரதத்தோடு அரிசிப் புரதம். சோயா தனியாகவே நிறைவானது. அரிசிப் புரதம் மட்டும், அல்லது கோதுமை குளூட்டன் மட்டும் என்றால் அட்டவணையில் உள்ள கிராம் முழுவதும் உடம்புக்குப் பயன்படாது. ஆனால் நாள் முழுக்கப் பருப்பும் தயிரும் சாப்பிடுகிறவருக்கு இது பெரிய கவலையில்லை.

பாதாம், பூசணி விதை, பேரீச்சை மட்டும்தான், தூள் எதுவும் சேர்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டு 50 கிராம் பாரில் 15 கிராம் புரதம் காட்டினால் சந்தேகப்படுங்கள். பாதாமில் நூற்றுக்கு 21, பூசணி விதையில் 30. ஒட்டவைக்கும் பழம் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டால் 50 கிராமில் 9, 10 கிராமுக்கு மேல் தேறாது.

ஆர்கானிக் என்றால் எவ்வளவு?

95 சதவீதமாவது சான்றிதழ் பெற்ற பொருளாக இருந்தால்தான் பார் முழுவதையும் ஆர்கானிக் என்று விற்கலாம். 70 முதல் 95 வரை என்றால் ‘ஆர்கானிக் பொருள்களால் செய்தது’ என்ற அளவில் நிற்க வேண்டும். ஜைவிக் பாரத், ‘இந்தியா ஆர்கானிக்’, பிஜிஎஸ் (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து சான்றளிக்கும் முறை) போன்ற ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா பாருங்கள். ‘நேச்சுரல்’, ‘ஃபார்ம் ஃப்ரெஷ்’ என்பவையெல்லாம் சான்றிதழ் அல்ல. ஆர்கானிக் என்று சொல்லிக்கொண்டு பட்டியலில் சுக்ரலோஸ் (சேர்க்கைப் பொருள்களுக்கான குறியீட்டில் ஐஎன்எஸ் 955) இருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடலாம். செயற்கை இனிப்புக்கு ஆர்கானிக் தரத்தில் இடமில்லை.

ஆர்கானிக்கால் உருப்படியான லாபம் சோயாவில்தான். சாதாரண சோயாப் புரதத்தில் எண்ணெயைப் பிரிக்க ஹெக்ஸேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானைப் பயன்படுத்துவது வழக்கம். ஆர்கானிக் தயாரிப்பில் அது கூடாது. எனவே சோயா பார் வாங்குவதானால் முத்திரைக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் ஆர்செனிக்கையும் கொக்கோவில் ஏறும் காட்மியத்தையும் ஆர்கானிக் முத்திரை தடுக்காது. தினமும் சாப்பிடுகிறவர்கள் அரிசிப் புரதமும் டார்க் சாக்லேட்டும் சேர்ந்த ஒரே பாரைப் பிடித்துக்கொண்டு இருக்காமல் மாற்றி மாற்றி எடுப்பது நல்லது.

பச்சைப் புள்ளியை நம்பித் தாவர பார் என்று முடிவு செய்யாதீர்கள். பாலும் பாலிலிருந்து பிரித்த வே புரதமும் தேனும் பச்சைப் புள்ளிக்குள் அடக்கம். பால் வேண்டாம் என்பவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐயின் வீகன் முத்திரையைத் தேட வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் அதற்கும் கீழே உள்ள ‘இதில் உள்ளவை’ வரியைப் படிக்காமல் நகரக் கூடாது. ‘பால் பொருள் கையாளப்படும் ஆலையில் தயாரானது’ என்ற வரி அங்கேதான் ஒளிந்திருக்கும். குளூட்டன் ஆகாதவர்களுக்கு ஓட்ஸிலும் ஆபத்து உண்டு; கோதுமையோடு கலந்து வருவது சகஜம்.

வயிறு உப்புவது ஏன்?

குற்றவாளி பெரும்பாலும் புரதம் இல்லை. சர்க்கரையைக் குறைத்துக் காட்டப் போடும் மால்டிட்டால் (ஐஎன்எஸ் 965), நார்ச்சத்தை ஏற்றிக் காட்டப் போடும் சிக்கரி வேர் இனுலின் இரண்டும் சிறுகுடலில் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளிக்கின்றன. வாயு, வயிற்று இரைச்சல், அளவு மிஞ்சினால் பேதி. முதல் முறை பாதி பாரோடு நிறுத்திப் பாருங்கள், அதுவும் நீண்ட பஸ் பயணத்துக்கு முன் வேண்டாம். மால்டிட்டால் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றவும் செய்யும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரத பார் பக்கமே போக வேண்டாம்.

வாங்கும் நேரத்தில்

தயாரித்த தேதியைப் பாருங்கள், காலாவதித் தேதியை மட்டும் அல்ல. தாவரப் புரதம் நாள்பட நாள்படப் பக்கத்திலுள்ள சிரப்பின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பார் செங்கல்லாகிவிடும். ஒன்பது மாத ஆயுள் போட்டிருந்தால் நாலு மாதத்துக்குள் வாங்குவது உத்தமம். உறையோடு லேசாக வளைத்துப் பாருங்கள், கொஞ்சமாவது வளைய வேண்டும். தள்ளுபடியில் பெட்டியாகக் கிடைப்பது இந்த வயதான சரக்காக இருக்கலாம். வாங்கிய பிறகு கெட்டிப்பட்டிருந்தால் உறையைப் பிரித்துவிட்டு மைக்ரோவேவில் 8 விநாடி.

சாக்லேட் பூச்சில் வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்க வேண்டியதில்லை. வெயிலில் உருகி மறுபடி உறைந்த கொழுப்பாக இருக்கலாம். சாப்பிட்டால் கெடுதி இல்லை, சரக்கு வெயிலில் கிடந்தது என்று மட்டும் தெரிகிறது. காறல் வாடை வேறு விஷயம். பழைய எண்ணெய் டின்னைத் திறந்த மாதிரி மூக்கில் ஏறினால் கொட்டைகளின் எண்ணெய் கெட்டுவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

விலையை பார் கணக்கில் ஒப்பிடாமல் ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 60 ரூபாய்க்கு 10 கிராம் என்றால் கிராம் 6 ரூபாய். 90 ரூபாய்க்கு 20 கிராம் என்றால் நாலரை. விலை கூடியதே மலிவு. வேர்க்கடலை கிலோ 160 ரூபாய் என்று வைத்தால் கிராம் புரதம் 65 பைசா. பைக்குள் போட்டுக்கொண்டு போகும் வசதிக்குத்தான் மிச்சக் காசு.

வீட்டில் செய்தால்

வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 100 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சை 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. கடலையில் பாதியை எண்ணெய் விடும் வரை அரைக்க வேண்டும். பொடியாக நிறுத்தினால் பார் உதிரும். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், சேர்த்தால் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, நல்லெண்ணெய் தடவிய தட்டில் அழுத்தி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து 8 துண்டு போடுங்கள். ஒன்றுக்குச் சுமார் 6 கிராம் புரதம், 170 கலோரி.

பத்து கிராம் வேண்டுமென்றால் பொட்டுக்கடலை மாவில் பாதியை எடுத்துவிட்டு 50 கிராம் பட்டாணிப் புரதத் தூள் சேர்க்க வேண்டும். மாவு உடனே வறண்டு போகும். 2 மேசைக்கரண்டி கெட்டி வெல்லப்பாகு ஊற்றிப் பிசையுங்கள். நாலைந்து நாளில் இதுவும் கெட்டிப்படத் தொடங்கும், அதனால் ஒரு வாரத்துக்கு மேல் செய்து வைக்காதீர்கள்.